கருப்புன்னா டிரா போதுமா?

விருத்தாசலம் பீங்கான் ஊர். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண், அதை வேகவைக்கும் சூளைகள், பியூஸ் கேரியர், அகல் விளக்கு, கொலு பொம்மை, செராமிக் டெக்னாலஜிக்கென்றே டிப்ளமோ தரும் ஓர் அரசு நிறுவனம்... இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உள்ளே வைத்த பொம்மை விரிசல் விட்டதா இல்லையா என்பது சூளையைத் திறந்தால்தான் தெரியும். விரிசல் விட்டுவிடுமோ என்று பயந்து பாதி வேக்காட்டில் வெளியே எடுத்தால் அது பொம்மையும் இல்லை, மண்ணும் இல்லை.

ஆனால் இதே ஊரிலிருந்து (பண்ருட்டி, திட்டக்குடி, சிதம்பரம் என்று எந்த ஊரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்) செஸ் போட்டிக்குக் கிளம்பிப் போகும் கிளப் ஆட்டக்காரர், பன்னிரண்டாவது மூவில் எதிராளியிடம் டிரா கேட்கிறார். போர்டில் எல்லாக் காய்களும் அப்படியே நிற்கின்றன. கடிகாரத்தில் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் பதில் ரெடி.

"பிளாக் தானே, டிரா போதும்."

தமிழ்நாட்டு கிளப் செஸ்ஸைப் பிடித்து ஆட்டும் வியாதி இந்த நாலு வார்த்தைதான். இது தன்னடக்கம் இல்லை, ராஜதந்திரமும் இல்லை. சோம்பேறித்தனத்துக்குப் போட்ட கோட்டு சூட்டு.

முதலில் இந்த வியாதி எங்கே ஒட்டிக்கொள்கிறது என்று பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை, ஏதோ ஒரு பள்ளிக்கூட ஹால். பேரிங் ஒட்டப்படுகிறது. பையன் பெயருக்கு நேரே கருப்பு. உடனே அப்பாவின் முகம் மாறுகிறது. "மறுபடியும் பிளாக்கா? போன ரவுண்டும் பிளாக் தானே? ஆர்பிட்டர் வேணும்னே பண்றாருங்க." பக்கத்தில் இருக்கும் அம்மாவும் தலையாட்டுகிறார். விட்டால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் போய் ஆர்பிட்டர் மேல் பிராது கட்டிவிடுவார்கள் போல. பேரிங் போடுவது ஆர்பிட்டரின் மனசு இல்லை, ஸ்விஸ் முறைக்கான கம்ப்யூட்டர் புரோகிராம். முடிந்தவரை நிறத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதும், கடைசி ரவுண்டுச் சிக்கல்கள் தவிர ஒரே நிறத்தை மூன்று முறை தொடர்ந்து கொடுக்காமல் இருப்பதும் அதற்குச் சொல்லி வைத்த விதி. ஏழு ரவுண்டு என்றால் ஒருவருக்கு நாலு வெள்ளை, மூணு கருப்பு. இன்னொருவருக்கு அப்படியே தலைகீழ். ஒற்றைப்படையை இரண்டாகப் பிரித்தால் அப்படித்தான் வரும். இதில் சதி எதுவும் கிடையாது.

ஆனால் அந்த எட்டு வயசுப் பையன் அன்றைக்கு அப்பாவின் முகத்திலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: கருப்பு என்றால் அநியாயம். உட்காருவதற்கு முன்பே அவன் பாதி ஆட்டம் தோற்றுவிட்டான். (பெண் பார்க்கப் போன வீட்டில் "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி" என்று இழுக்கும் அதே குரல்தான் இது. பெட்டிக்குள் இருக்கும் மரக்காயைக்கூட இந்தச் சமூகம் விட்டு வைக்கவில்லை!)

சரி, வெள்ளைக்கு அனுகூலமே இல்லையா? இருக்கிறது. இல்லை என்று சாதிப்பது முட்டாள்தனம். முதலில் ஆடுபவருக்கு ஒரு மூவ் முன்னிலை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலான போட்டி ஆட்டங்களை எண்ணிப் பார்த்தவர்கள் எல்லோருமே வெள்ளையின் பங்கு நூற்றுக்கு 52-லிருந்து 56-க்குள் இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். ஜெயித்தால் ஒன்று, டிராவுக்கு அரை என்று கணக்கிட்டு வந்த எண் அது. நடுவில் எடுத்து 54 என்றே வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் கருப்புக்கு 46.

இந்த இடத்தில் ஒரு பி.காம். கணக்கு போட வேண்டியிருக்கிறது. ஃபிடே ரேட்டிங் அட்டவணையில் 54 சதவீதம் என்பது இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே 29 புள்ளி வித்தியாசத்துக்குச் சமம். அதாவது வெள்ளைக் காயின் முழுச் சந்தை மதிப்பு சுமார் 30 ரேட்டிங் புள்ளிகள். அவ்வளவுதான் சரக்கு. கிளப் போட்டிகளில் எதிரெதிரே உட்காரும் இரண்டு பேருக்கு நடுவே 200, 300 புள்ளி வித்தியாசம் சர்வ சாதாரணம். ராத்திரி சரியாகத் தூங்காமல் மூணு நாலு மணி நேரம் ரயிலில் நின்றுகொண்டே சென்னைக்கு வந்து ஆடுபவர் இழப்பது 30-ஐவிடக் கண்டிப்பாக அதிகம். அதைப் பற்றி யாரும் புலம்புவதில்லை. நிறத்தைப் பற்றித்தான் புலம்பல்.

இனிமேல்தான் முக்கியமான கணக்கு. 1650 ரேட்டிங் உள்ளவர் கருப்பு. எதிரே 1450 வெள்ளை. வித்தியாசம் 200. அட்டவணைப்படி 1650-காரர் இந்த ஆட்டத்தில் எடுக்க வேண்டியது 0.76 புள்ளி. அவர் "பிளாக் தானே" என்று டிரா செய்கிறார். கையில் வந்தது 0.5. பற்றாக்குறை 0.26. சாதாரண ஆட்டக்காரருக்கான பெருக்கு எண் 20, ஆக 5.2 புள்ளி போச்சு. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பையன் என்றால் பெருக்கு எண் 40, ஆக 10.4 புள்ளி போச்சு. கை குலுக்கிவிட்டு, தோற்கவில்லை என்ற சந்தோஷத்தில் டீ குடிக்கப் போகும்போது பின்பாக்கெட்டிலிருந்து இந்தப் பணம் விழுந்துகொண்டே போகிறது.

"கருப்பில் ஆடியதற்குக் கழிவு உண்டா?" கிடையாது. ஃபிடேயின் ரேட்டிங் கணக்கில் நிறத்துக்கு என்று ஒரு பத்தியே இல்லை. ஆட்டக்காரர், எதிராளி, முடிவு... அத்தோடு லெட்ஜர் முடிந்தது. 2024 மார்ச்சில் 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் போனஸ் ஷேர் மாதிரி புள்ளிகளை ஏற்றிக் கொடுத்தார்கள். 1500 இருந்தவர் ஒரே ராத்திரியில் 1700 ஆனார். அப்போதும் "இவர் நிறைய கருப்பில் ஆடியவர், பாவம்" என்று யாருக்கும் கூடக் கொடுக்கவில்லை. பேரேட்டில் இல்லாத ஒரு கழிவை மனசுக்குள் எழுதிக்கொண்டு, அதை நம்பி லாபக் கணக்கு காட்டுபவரை வணிகவியலில் என்னவென்று சொல்வார்கள் என்பது முதலாமாண்டு மாணவனுக்கே தெரியும்.

வெள்ளையின் அந்த 30 புள்ளியைக் கழித்தே பார்த்தாலும் கதை மாறுவதில்லை. 200-ல் 30 போனால் 170. அதற்கு அட்டவணை சொல்வது 0.72-0.73. அப்போதும் டிரா நஷ்டம்தான்.

அந்த 30 புள்ளியாவது உண்மையில் கிளப் ஆட்டத்தில் இருக்கிறதா என்பதே சந்தேகம். அது வெள்ளையிடம் பணமாக இல்லை, மூவாக இருக்கிறது. உடனே முதலீடு செய்தால்தான் வட்டி. கிளப் வெள்ளை என்ன செய்கிறார் என்று எந்த ஊரின் ஸ்கோர்ஷீட்டை வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இ4, குதிரை, பிஷப், காஸ்லிங்... ஆறு மூவ் பிரமாதம். ஏழாவது மூவில் எதிராளியின் பிஷப் ஜி4-க்கு வந்து குதிரையைக் கட்டிவிடுமோ என்று பயந்து எச்3. எட்டாவது மூவில் இந்தப் பக்கம் குதிரை பி4-க்கு வந்துவிடுமோ என்று ஏ3. முடிந்தது. பயத்துக்குக் கொடுத்த இரண்டு மூவ். முன்னிலை ஒன்றுதான் இருந்தது, கொடுத்தது இரண்டு. இப்போது போர்டைத் திருப்பி வைத்துப் பார்த்தால் வெள்ளை யார், கருப்பு யார்? எதிரே இருப்பவர் டி5 என்று நடுவில் சிப்பாயைத் தள்ள வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவர் தள்ள மாட்டார். ஏனென்றால் அவர் "பிளாக்"! எச்6, ஏ6 என்று அவரும் கதவைச் சாத்திக்கொண்டு, கை நீட்டும் நேரத்துக்காகக் காத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நடப்பது இரண்டில் ஒன்று. டிரா. அல்லது நாற்பதாவது மூவுக்குப் பக்கத்தில் நேர நெருக்கடியில் யாரோ ஒருவர் யானையைச் சும்மா கொடுப்பார். கம்ப்யூட்டர் எஞ்சினிடம் ஆரம்ப நிலையைக் காட்டினால் வெள்ளைக்கு ஏறக்குறைய கால் சிப்பாய் அனுகூலம் என்று சொல்லும். முழு யானையும் முழு ராணியும் ஓசியில் கைமாறும் ஆட்டத்தில் கால் சிப்பாய்க்கு அழுவது, கல்யாணத்துக்கு இருபது லட்சம் செலவழித்துவிட்டு பந்தலில் ஒரு வாழைப்பழம் குறைந்ததற்குச் சண்டை போடுவது மாதிரி.

இதற்கு நேர் எதிரே இன்னொரு கோஷ்டி இருக்கிறது. அவர்களையும் விட முடியாது. "கருப்பில் ஜெயிக்கணுமா, பொறி வை" கோஷ்டி. யூடியூபில் பத்து நிமிட வீடியோ பார்த்துவிட்டு வருபவர்கள். இவர்களின் குலதெய்வம் பிளாக்பர்ன் ஷில்லிங் காம்பிட். இரண்டு பக்கமும் இ சிப்பாய், இரண்டு பக்கமும் குதிரை, வெள்ளை பிஷப்பை சி4-க்குக் கொண்டு வருகிறது. கருப்பு குதிரையை டி4-க்குத் தூக்கி வைக்கிறது. இ5 சிப்பாய் அனாதையாக நிற்கிறது. வெள்ளை ஆசைப்பட்டு அதை எடுக்கிறது. கருப்பு ராணி ஜி5-க்கு வருகிறது. வெள்ளைக் குதிரை எஃப்7-ல் புகுந்து ராணியையும் யானையையும் சேர்த்து மிரட்டுகிறது. ராணி ஜி2-வைச் சாப்பிடுகிறது, யானை எஃப்1-க்கு ஓடுகிறது, ராணி இ4-ல் செக், பிஷப் இ2-வில் மறைக்கிறது, குதிரை எஃப்3-ல் மேட். ஏழே மூவ். கருப்பு ஜெயித்தது. தெருவே அதிர்கிறது.

ஆனால் வெள்ளை நாலாவது மூவில் அந்த டி4 குதிரையைத் தன் குதிரையால் எடுத்துவிட்டால்? இ சிப்பாய் திருப்பி எடுக்கும், பிறகு காஸ்லிங் செய்துவிட்டு நிம்மதியாக ஆடினால் வெள்ளைக்குத்தான் நல்ல நிலை. அதாவது இந்தப் பொறி, எதிராளி முட்டாள் என்ற ஒரே அனுமானத்தின் மேல் கட்டப்பட்டது. பிளாக்பர்ன் இதை ஒரு ஷில்லிங் பந்தயத்துக்கு ஆடி ஆள் பிடித்தார் என்று பெயர் வந்ததே தவிர, அவர் இதை ஆடியதாக ஒரு ஆட்டம்கூடப் பதிவில் இல்லை. பெயரே டூப்பு! (செஸ்ஸின் மிகக் குறுகிய மேட்கூடக் கருப்பின் சொத்துதான். வெள்ளை எஃப்3, ஜி4 என்று இரண்டு மடத்தனம் செய்தால் இரண்டாவது மூவிலேயே கருப்பு ராணி எச்4-ல் கதையை முடித்துவிடும். வெள்ளையால் இரண்டு மூவில் மேட் செய்யவே முடியாது. இதை வைத்து யாராவது கருப்பு உயர்ந்தது என்று வாதாடினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது பொறி கோஷ்டியின் வாதம்.)

டிரா கோஷ்டியும் பொறி கோஷ்டியும் வெளியே பார்க்க எதிரிகள். உள்ளே ஒரே நம்பிக்கைதான். நேர்மையாக ஆடினால் கருப்பில் ஜெயிக்க முடியாது என்ற நம்பிக்கை. ஒருவர் பிச்சை கேட்கிறார், இன்னொருவர் பிக்பாக்கெட் அடிக்கிறார். உழைத்துச் சம்பாதிக்கலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால் இப்படிப் பேசுவது தமிழ்நாட்டில்! இந்த மண்ணின் செஸ் சரித்திரத்தில் பெரிய நாட்கள் எந்த நிறத்தில் வந்தன என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் "பிளாக் தானே" என்று சொல்ல வாய் வராது.

2008, ஜெர்மனியின் பான் நகரம். உலகப் பட்டத்துக்காக ஆனந்துக்கும் கிராம்னிக்குக்கும் போட்டி. மூன்றாவது ஆட்டத்திலும் ஐந்தாவது ஆட்டத்திலும் கிராம்னிக் வெள்ளை. இரண்டிலும் ஜெயித்தது கருப்பில் ஆடிய ஆனந்த். அதுவும் எப்படி? கிராம்னிக் வெள்ளையில் அசைக்க முடியாதவர் என்று பெயர் எடுத்தவர். அவரை டிராவுக்கு இழுக்காமல், செமி-ஸ்லாவில் கத்திச்சண்டை நடக்கும் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, வீட்டிலேயே தயார் செய்து கொண்டுபோய், முகத்துக்கு நேரே வைத்தார். ஆறாவது ஆட்டத்தை வெள்ளையில் ஜெயித்தார். 6.5-4.5 என்று போட்டி முடிந்தது. அந்த இரண்டு கருப்பு வெற்றியை எடுத்துவிட்டால் அங்கே பட்டமே இல்லை.

2010, பல்கேரியாவின் சோபியா. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் ரத்தாகி, ஆனந்த் ஜெர்மனியிலிருந்து காரிலேயே ஏறக்குறைய 40 மணி நேரம் பயணம் செய்து போய்ச் சேர்ந்த போட்டி. பதினொரு ஆட்டம் முடிந்து 5.5-5.5. பன்னிரண்டாவது, கடைசி ஆட்டம். டோபலோவ் வெள்ளை, சொந்த நாடு, சொந்த ஜனம். "கருப்புன்னா டிரா போதும்" என்பதற்கு உலகத்திலேயே தோதான நாள் அதுதான். டிரா ஆனால் ரேபிட் டைபிரேக், ரேபிட்டில் ஆனந்த் ராஜா. ஆனாலும் ஆட்டம் திறந்தபோது அவர் ஒதுங்கவில்லை. ஜெயிக்கப் பார்த்து எல்லை மீறியது டோபலோவ், 56 மூவில் தோற்றதும் அவர்தான். பட்டம் கருப்பில் வந்தது.

2013 நவம்பர், சென்னை. இது வலிக்கிற நினைவு, ஆனாலும் கணக்கு கணக்குதான். ஆனந்த் - கார்ல்சன் போட்டியில் முடிவு கண்ட ஆட்டங்கள் மூன்று. அவற்றில் இரண்டில், ஆறாவதிலும் ஒன்பதாவதிலும், ஆனந்த் வெள்ளை. ஜெயித்தது கருப்பு. ஆனந்துக்கு வெள்ளைக் காய் கிடைத்ததற்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்த அத்தனை பேரும் எழுந்து போனார்கள்.

2022 பிப்ரவரியில் பதினாறு வயது பிரக்ஞானந்தா ஆன்லைன் ரேபிட் போட்டியில் உலக சாம்பியன் கார்ல்சனை 39 மூவில் சாய்த்தது கருப்பில். 2024 சிங்கப்பூர்ப் போட்டியை டிங் லிரன் கருப்பில் ஜெயித்துத் தொடங்கினார், குகேஷ் கருப்பில் ஜெயித்து முடித்தார். அந்தப் பதினாலாவது ஆட்டத்தை, டிசம்பர் 12, இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஸ்கோர் சமம். யானை, பிஷப், சில சிப்பாய்கள். கருப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் டிரா என்று எழுதிவிட்ட நிலை. பன்னிரண்டாவது மூவில் கை நீட்டும் கிளப் ஆட்டக்காரர் அங்கே இருந்திருந்தால் எப்போதோ எழுந்து டீ குடித்திருப்பார். குகேஷ் உட்கார்ந்திருந்தார். எதிராளியை ஒவ்வொரு மூவுக்கும் யோசிக்க வைத்துக்கொண்டே இருந்தார். 55-வது மூவில் டிங் யானையை எஃப்2-வில் வைத்தார். யானைகள் மாறின, பிஷப் டி5-க்கு வந்தது, பிஷப்களும் மாறின, சிப்பாய் முடிவாட்டம் கையில். 58-வது மூவில் பதினெட்டு வயதுப் பையன் உலக சாம்பியன். 7.5-6.5.

"அவங்கெல்லாம் கிராண்ட்மாஸ்டர் சார், அவங்களோட ஒப்பிடலாமா?"

இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். ஒப்பிட ஆரம்பித்தது யார்? "கருப்பில் சமநிலைக்கு ஆடு" என்பதே கிராண்ட்மாஸ்டர் உலகத்துச் சட்டம்தான். எதிரே இருப்பவர் இருபது மூவ் வீட்டில் தயார் செய்துகொண்டு வருவார், தப்பே செய்யமாட்டார் என்ற இடத்தில் அந்தச் சட்டத்துக்கு அர்த்தம் உண்டு. ஏழாவது மூவில் எச்3 ஆடுபவருக்கு எதிரே அதைக் கடைப்பிடிப்பது, மாட்டு வண்டியில் போகும்போது சீட் பெல்ட் போட்டுக்கொள்வது மாதிரி. கிளப் ஆட்டக்காரர்கள் பெரியவர்களிடமிருந்து காப்பி அடித்தது அவர்களின் ஜாக்கிரதையை மட்டும்தான். உழைப்பை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஹங்கேரி கிராண்ட்மாஸ்டர் ஆண்ட்ராஸ் அடோரியன் என்று ஒருவர் இருந்தார், 2023-ல் இறந்து போனார். "பிளாக் ஈஸ் ஓகே" என்ற தலைப்பிலேயே புத்தகம் போட்டு, வாழ்நாள் முழுக்க இதே சண்டையைப் போட்டவர். வெள்ளையின் அனுகூலம் பாதிக்கு மேல் மனசில்தான் இருக்கிறது, இரண்டு பேருமே அதை நம்புவதால்தான் அது வேலை செய்கிறது என்பது அவர் கட்சி. கொஞ்சம் மிகைதான். ஆனால் எட்டு வயசுப் பையனின் அப்பா முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய மிகையாகத் தெரியாது.

செஸ்ஸை நடத்துபவர்களே கருப்புக்கு விலை வைத்திருக்கிறார்கள் என்பதாவது தெரியுமா? சமமான புள்ளியில் முடிப்பவர்களைப் பிரிக்க ஃபிடே பட்டியலில் உள்ள முறைகளில், கருப்பில் எத்தனை ஆட்டம் ஆடினார், கருப்பில் எத்தனை ஜெயித்தார் என்ற இரண்டும் உண்டு. ஆர்மகெடான் என்ற டைபிரேக் ஆட்டத்தில் வெள்ளைக்கு நேரம் அதிகம், ஆனால் டிரா ஆனால் வெற்றி கருப்புக்கு. சில போட்டிகளில் இதை ஏலம் விடுகிறார்கள். யார் குறைவான நேரத்துக்குச் சம்மதிக்கிறாரோ அவருக்குக் கருப்பு. உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் தங்கள் நிமிடங்களைக் கழித்துக்கொண்டு கருப்பை வாங்குகிறார்கள். அங்கே டிராவுக்கு விலை உண்டு, முழு ஒரு புள்ளி. ஞாயிற்றுக்கிழமை ஹாலில் அரைப் புள்ளிதான்.

இந்தப் பேச்சில் எரிச்சலான பகுதி ஒன்று இருக்கிறது. "சென்னைப் பசங்களுக்கு கோச், டேட்டாபேஸ் எல்லாம் இருக்கு. சின்ன ஊர்லேருந்து போறவங்க கருப்புல டிரா எடுத்தாலே பெரிசு." சின்ன ஊருக்கு வசதி குறைவு என்பது நிஜம்தான். ஆனால் அதற்கு மருந்து டிரா இல்லை. மாவட்டத் தேர்வில் ஐந்தோ ஆறோ ரவுண்டு. மேலே வரும் ஓரிருவருக்குத்தான் மாநிலப் போட்டி. அங்கே கருப்பில் இரண்டு டிரா என்றால் அந்த வருஷம் அத்தோடு காலி. விட்ட புள்ளியை வெள்ளையில் பிடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னை திருவாரூர்க் குளத்தில் எடுத்தது சுந்தரர். அவருக்கு எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தது. ஸ்விஸ் பேரிங்கில் அப்படி யாரும் இல்லை.

சென்னையிலும் ஒரு காலத்தில் வசதி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சோவியத் கலாச்சார மையத்தில் இருந்த டால் செஸ் கிளப்பில், ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார். சின்னப் பையன் ஆனந்த் அங்கே பிளிட்ஸ் ஆடித்தான் வளர்ந்தார். இருக்கையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் எந்த நிறம் வந்தாலும் ஜெயிக்க வேண்டும்.

சின்ன ஊர் என்று புலம்புபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு ஆள் இருக்கிறார். 1840-களின் கடைசி. கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து பாரிஸ்டர். அந்தக் காலத்தின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவர். கல்கத்தா கிளப்பில் அவருக்கு ஈடு கொடுக்க ஆள் இல்லை. கிளப் உறுப்பினர் ஒருவர், உள்நாட்டுக் கிராமத்தில் தோற்றதே இல்லை என்று பெயர் எடுத்த பிராமணர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தேடிப் போய், ஆடி, தோற்று, அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்து வந்தார். பெயர் மகேஷ் சந்திர பானர்ஜி. ஆங்கிலேயர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி மொஹிஷுந்தர் என்று எழுதி வைத்தார்கள். அவர் வளர்ந்தது இந்திய முறைச் சதுரங்கத்தில். அதில் சிப்பாய் முதல் மூவில் இரண்டு கட்டம் தாண்டாது. அதனால் அவர் கை டி6, ஜி6 என்று ஒவ்வொரு கட்டமாகத்தான் போகும். பிஷப்பை ஓரத்தில் ஜி7-ல் உட்கார வைப்பார். நடுவை எதிராளிக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அதை உடைப்பார். கோச் இல்லை, புத்தகம் இல்லை, விதிகளே புதுசு. எதிரே பாரிஸ்டர். பெரும்பாலும் தோற்றார். ஆனாலும் நூற்றுக்கணக்கில் ஆடினார்.

1855 மே மாதம் காக்ரேனுக்கு எதிராகக் கருப்பில் அவர் ஆடிய ஒரு ஆட்டம் இருக்கிறது. குதிரை எஃப்6, ஜி6, மூன்றாவது மூவில் டி5. அந்த ஆட்டத்திலும் தோல்விதான், காக்ரேன் குதிரையை வெட்டக் கொடுத்து ராஜாவைப் பிடித்தார். 1922-ல் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் அதே மூன்று மூவை ஆடி வியன்னாவில் அலெகைனைக் கருப்பில் ஜெயித்தார். இன்றைக்கு உலகம் முழுக்க அதற்குப் பெயர் குருன்ஃபெல்ட் டிஃபென்ஸ். பானர்ஜியின் மிச்சம் "இந்தியன்" என்ற அடைமொழியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிங்ஸ் இந்தியன், குயின்ஸ் இந்தியன், நிம்சோ இந்தியன்... எல்லாமே கருப்பின் டிஃபென்ஸ்கள். 2013-ல் சென்னையில் ஒன்பதாவது ஆட்டத்தில் வெள்ளையில் ஆடிய ஆனந்தை கார்ல்சன் எதில் தோற்கடித்தார்? நிம்சோ இந்தியனில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பேரிங் ஒட்டுவார்கள். பாதிப் பேருக்குக் கருப்பு வரும். கோச்சுகள் அன்றைக்கு முதல் காரியமாக அந்த அப்பாவை ஹாலுக்கு வெளியே அனுப்பலாம். இரண்டாவது காரியமாக, வாரத்துக்கு ஒரு பொறி சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, இ4-க்கு ஒன்று, டி4-க்கு ஒன்று என்று இரண்டே இரண்டு டிஃபென்ஸை ஒரு வருஷம் முழுக்க, முடிவாட்டம் வரைக்கும் கூடவே போய்ச் சொல்லித் தரலாம். டிரா கேட்க வேண்டுமென்றால் கேட்கட்டும்... யானைகள் மாறி, சிப்பாய்கள் தீர்ந்து, ராஜாக்கள் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கும்போது.